சக்கர நாற்காலிக்கு வில் கொடுத்த டாக்டர்

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலர் என்றால் எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் என்று ஒரு வாழ்க்கை வரலாறாவது கட்டாயம் இருக்கும். அவர்களைப் பற்றி எழுத நம்ம வகுப்பிலேயே நாலு பேர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். அதனால் நான் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தேன். உலகம் அறிந்த மனிதர்தான். ஆனால் நம் பாடப்புத்தகத்துக்குள் வராதவர். அவர் இன்ஜினியர் இல்லை, டாக்டர். பெயர் சர் லுட்விக் குட்மன்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு டாக்டர் கதை எதுக்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மாலையானால் நான் ஜிம்முக்குப் போகிறவன். இதைப் புதிதாகப் பழகுகிறவர்களிடம் சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் நான் உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியைப் பார்ப்பார்கள். அப்புறம் பேச்சை மாற்றிவிடுவார்கள். நடக்கவே முடியாதவனுக்கு ஜிம் எதுக்குடா என்ற கேள்வி வாயில் வராது, கண்ணில் வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே தன் வாழ்நாளைச் செலவழித்தவர் குட்மன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சுரங்கத் தொழிலாளி

குட்மன் பிறந்தது 1899 ஜூலை 3-ம் தேதி, அன்றைய ஜெர்மனியின் மேல் சிலேசியாவில் டோஸ்ட் என்ற சிற்றூரில். இப்போது அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கோனிக்ஸ்ஹுட்டே நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சுரங்க ஊர் என்றால் விபத்துக்குப் பஞ்சமா? 1917-ல், நம்மைப் போல பதினெட்டு வயதில், அங்கிருந்த விபத்து மருத்துவமனையில் குட்மன் தொண்டு ஊழியராகச் சேர்ந்தார்.

ஒருநாள் முதுகெலும்பு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். நல்ல கட்டுமஸ்தான இளைஞர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரைப் பற்றிய குறிப்பு எழுதப் போன குட்மனிடம், இவருக்காக மெனக்கெட வேண்டாம், சில வாரங்களில் போய்விடுவார் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே ஐந்து வாரத்தில் அவர் இறந்தார். அடிபட்டதால் அல்ல. படுக்கைப் புண் புரையோடி, சிறுநீரில் கிருமி ஏறி இறந்தார். இந்த வித்தியாசத்தைக் குட்மன் மறக்கவே இல்லை.

பிறகு மருத்துவம் படித்தார். 1924-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிரெஸ்லாவ் நகரில் அந்தக் காலத்தின் பெரிய நரம்பியல் நிபுணரான ஓட்ஃப்ரிட் ஃபர்ஸ்டரிடம் வேலை பழகினார். ஜெர்மனியின் முன்னணி நரம்பியல் மருத்துவர்களில் ஒருவர் என்று பெயர் வந்துவிட்டது.

ஒரே இரவில் 64 பேர்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக வேலை பறிபோனது. பிரெஸ்லாவிலிருந்த யூத மருத்துவமனைக்கு மாறினார். 1937-ல் அதற்கே மருத்துவ இயக்குநரானார்.

1938 நவம்பர் 9-ம் தேதி இரவு. நாடு முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் உடைத்துக் கொளுத்தினார்கள். கண்ணில் பட்ட யூத ஆண்களை எல்லாம் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். யார் வந்து கதவைத் தட்டினாலும் கேள்வி கேட்காமல் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குட்மன் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். விடிவதற்குள் 64 பேர் படுக்கையில் இருந்தார்கள். மறுநாள் ரகசியப் போலீஸ் வந்து நின்றது. குட்மன் அவர்களோடு கட்டில் கட்டிலாக நடந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லிச் சமாளித்தார். அந்த 64 பேரில் 60 பேர் அன்றைக்குத் தப்பினார்கள். நெஞ்சழுத்தம் என்றால் இதுதாங்க நெஞ்சழுத்தம்!

1939 மார்ச்சில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அகதி அறிஞர்களுக்கு உதவும் ஒரு சங்கம் கைகொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஆனால் பெரிய நிபுணராக இருந்தவர் நோயாளியைத் தொட முடியாமல் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்படியே ஐந்து வருடம் ஓடியது.

வார்டு எக்ஸ்

1944. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் நேச நாடுகளும் பிரான்ஸ் கரையில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். முதுகில் குண்டடி பட்டு நிறைய பேர் திரும்பி வருவார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அவர்களுக்காக லண்டனுக்கு வடமேற்கே ஐல்ஸ்பரி பக்கத்தில் உள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பொறுப்பேற்கப் பல டாக்டர்களுக்கு இஷ்டமில்லை. ஏனென்றால் முதல் உலகப் போரில் இந்த மாதிரி அடிபட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் பிழைக்கவில்லை. தோற்கும் ஆட்டத்துக்கு யார் கேப்டனாக வருவார்கள்? குட்மன் வந்தார். தன் முறைப்படிதான் நடத்துவேன், குறுக்கே யாரும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தார். 1944 பிப்ரவரி 1-ம் தேதி, சுமார் 25 கட்டில்களோடு வார்டு எக்ஸ் திறந்தது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நம்ம முதுகெலும்புக்குள்ளே ஓடும் தண்டுவடம் ஒரு மெயின் கேபிள். அது அறுந்தால் அறுந்த இடத்துக்குக் கீழே சிக்னல் போகாது, வராது. கால் அசையாது என்பது வெளியே தெரிகிற கஷ்டம். உள்ளே இருக்கிற ஆபத்து வேறு. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்களுக்கே தெரியாமல் அசைந்துகொள்வீர்கள். எங்களுக்கு வலி தெரியாததால் அசையத் தோன்றாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கும், ரத்த ஓட்டம் நிற்கும், புண் வரும், புரையோடும். சிறுநீர்ப் பையும் தானாகக் காலியாகாது. தேங்கி, கிருமி பரவி, சிறுநீரகம் வரைக்கும் போகும். கோனிக்ஸ்ஹுட்டே தொழிலாளியைக் கொன்றது இவை இரண்டும்தான்.

அந்த நாளில் இவர்களை மாவுக்கட்டுக்குள் கிடத்தி, தூங்க மருந்து கொடுத்து, சாகும்வரை விட்டுவிடுவதுதான் வழக்கம். குட்மன் முதல் வேலையாக மாவுக்கட்டை உடைக்கச் சொன்னார். இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பார்க்காமல், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீர்க் குழாய் போடும்போது கிருமி சேராத முறையைக் கட்டாயமாக்கினார். நடு ராத்திரியில் தானே வார்டுக்கு வந்து நின்று, புரட்டினார்களா என்று பார்ப்பார். திட்டுவதில் நம்ம வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் எல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆனாலும் நோயாளிகள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் அப்பா என்று பொருள்படும் பாப்பா என்பது. புதிதாக வந்த பென்சிலினும் உதவியது. செத்துவிடுவார்கள் என்று அனுப்பப்பட்டவர்கள் சாகவில்லை.

உயிர் பிழைத்தாச்சு, அப்புறம்? இருபது வயசுப் பையன் மிச்சமுள்ள நாற்பது வருஷம் என்ன செய்வான்? குட்மனின் பெருமை இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. வார்டிலேயே மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், டைப்பிங் எல்லாம் கற்றுக்கொடுத்தார். வரி கட்டும் மனிதனாக வெளியே அனுப்பினால்தான் சிகிச்சை முடிந்தது என்பது அவர் கணக்கு. அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். தெம்புக்கு வழி?

கைத்தடியில் பிறந்த விளையாட்டு

வழியை நோயாளிகளே காட்டினார்கள். ஒருநாள் வெளித் திடலில் சிலர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வட்டைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். குட்மன் விரட்டவில்லை. தானும் ராணுவ உடற்பயிற்சி ஆசிரியரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். சக்கர நாற்காலிப் போலோ பிறந்தது! அடிதடி அதிகமாகிப் போனதால் பிறகு அதை விட்டுவிட்டு, கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களுக்கு மாறினார்கள். ஈட்டி எறிதல், டேபிள் டென்னிஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

அதிலே குட்மனுக்கு மிகவும் பிடித்தது வில்வித்தை. ஏன் வில்? முதுகின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்து கிடக்கும் ஒரு பெரிய தசை உண்டு. ஜிம்முக்குப் போகிறவர்கள் லேட்ஸ் என்பார்கள். அதன் ஒரு முனை கையின் மேலெலும்பில், மறுமுனை கீழ் முதுகிலும் இடுப்பெலும்பிலும் பிடித்திருக்கிறது. ஆனால் அதை இயக்கும் நரம்பு கிளம்புவது கழுத்திலிருந்து. ஆக, முதுகின் நடுவில் கேபிள் அறுந்தாலும் இந்தத் தசைக்குக் கரண்ட் கட் ஆகாது! உயிருள்ள மேல் பாதியையும் உணர்வற்ற கீழ் பாதியையும் இணைக்கும் பாலம் அது. அதை வலுவாக்கினால் சாயாமல் உட்கார முடியும், தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடியும். வில்லை இழுக்கும்போது வேலை செய்வது தோளும் அந்த முதுகுத் தசையும்தான். இன்னொரு லாபமும் உண்டு. நிற்பவனும் உட்கார்ந்திருப்பவனும் ஒரே இலக்கில் சரிசமமாகப் போட்டி போடலாம்.

இந்த இடத்தில் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் புளியமரத்திலிருந்து விழுந்தவன் நான். என் கைகள்தான் எனக்குக் கால்கள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து ஆட்டோ என ஒவ்வொரு மாற்றத்திலும் முழு உடம்பையும் இரண்டு கை தூக்க வேண்டும். புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி எழும்பி, சில விநாடி அந்தரத்தில் நிற்க வேண்டும். பரீட்சை ஹாலில் நான் இப்படி எழும்பினால் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் ஓடி வருவார்! தண்டால் எடுப்பது உங்களுக்குப் பயிற்சி. எனக்கு அது பிழைப்பு.

ஜிம்மில் நான் செய்வதும் குட்மன் சொன்ன அதே தசைகளுக்குத்தான். மேலேயிருந்து புல்லியை இழுப்பது முதல் வேலை. பிரேக் போட்டு, இடுப்பில் பெல்ட் போட்டு நாற்காலியோடு கட்டிக்கொள்வேன். இல்லையென்றால் எடையை நான் இழுக்க மாட்டேன், எடை என்னை இழுத்துவிடும். டம்பெல்லைத் தலைக்கு மேலே தூக்கும்போது முதுகுப் பக்கம் சுவர் இருக்க வேண்டும். மெக்கானிக்ஸ் பேப்பரில் படித்தோமே, ஈர்ப்பு மையம் உயர்ந்து பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் போனால் என்ன ஆகும்? மல்லாக்க விழ வேண்டியதுதான். அந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

16 பேரிலிருந்து ரோமாபுரிக்கு

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் தொடக்க விழா. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் சத்தமில்லாமல் ஒரு வில்வித்தைப் போட்டி நடந்தது. ஸ்டோக் மாண்டவிலும் ரிச்மண்டில் இருந்த ஊனமுற்ற படைவீரர் இல்லமும் மோதின. மொத்தம் 16 பேர். 14 ஆண்கள், 2 பெண்கள். அந்தத் தேதியைக் குட்மன் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். ஒருநாள் இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக் அளவுக்கு மரியாதை வரும் என்று பலரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டியிருப்பார்கள்.

அவர் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் போட்டி நடந்தது. 1952-ல் நெதர்லாந்திலிருந்து ஓர் அணி வந்தது. உள்ளூர் போட்டி சர்வதேசப் போட்டியானது. 1956-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தப் போட்டிகளுக்கு ஒரு கோப்பை வழங்கிக் கௌரவித்தது. 1960-ல் ரோம் நகரில் ஒலிம்பிக் முடிந்த கையோடு, 23 நாடுகளைச் சேர்ந்த 400 வீரர்கள் சக்கர நாற்காலியோடு வந்து இறங்கினார்கள். அதைத்தான் இன்று முதல் பாராலிம்பிக் என்கிறோம்.

ரோமில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். வீரர்கள் தங்கிய கட்டடங்களில் மாடிப்படிகள் இருந்தன. இத்தாலிய ராணுவத்தினர் வந்து, நாற்காலியோடு ஆட்களை மேலும் கீழும் தூக்கிச் சென்றார்கள். உலகப் போட்டிக்கு வந்த வீரனுக்கும் தடை எதிராளி இல்லை, படிக்கட்டு!

குட்மனுக்கு 1966-ல் சர் பட்டம் கிடைத்தது. பிறகு ஓய்வு பெற்றார், ஆனால் ஓயவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே உடல் ஊனமுற்றோருக்கென ஒரு ஸ்டேடியம் கட்ட அலைந்தார். 1969-ல் ராணி எலிசபெத் அதைத் திறந்து வைத்தார். 1980 மார்ச் 18-ம் தேதி, தன் 80-வது வயதில் குட்மன் காலமானார்.

அவர் ஏற்றிய தீ அணையவில்லை. 1988 சியோல் போட்டிகளிலிருந்து ஒலிம்பிக் நடந்த அதே ஊரில் பாராலிம்பிக்கும் நடக்கிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் சுமார் 4,400 பேர் கலந்துகொண்டார்கள். அதற்கான சுடரை ஏற்றியது ஸ்டோக் மாண்டவிலில்தான்.

நம்ம பக்கம்

இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1965 போரில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர். எந்தப் பிரிவு தெரியுமா? மின்னணு மற்றும் இயந்திரப் பொறியாளர் படை. நம்ம ஜாதி! முன்பு குத்துச்சண்டை வீரராக இருந்தவர், அடிபட்ட பிறகு நீச்சலுக்கு மாறினார். 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அவருக்குப் பத்மஸ்ரீ வர 2018 வரை ஆனது என்பது தனிக் கதை.

நம்ம வேலூரில் 1954-ல் ஒரு சாலை விபத்து நடந்தது. அதில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட இளம் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று தொடங்கிய துறைக்குத் தலைவரானார். சேலத்து மாரியப்பன் தங்கவேலு ரியோவில் 2016-ல் வாங்கிய தங்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

18 அடி

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். நம்ம உடற்பயிற்சிக் கூடத்தில் புல்லி இருக்கிறது, டம்பெல் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. வாசலில் மூன்று படிகளும் இருக்கின்றன. நான் மூன்று வருஷமாக வெளியே ஒரு ஜிம்முக்குப் பணம் கட்டிப் போகிறேன். காரணம் அந்த மூன்று படிதான். தூக்கிவிட நண்பர்கள் தயார். நன்றியோடுதான் சொல்கிறேன், தினமும் தூக்கச் சொல்லிக் கேட்பது எடை தூக்குவதைவிடக் கஷ்டம். அவசரத்தில் கை நழுவினால் மறுபடியும் முதுகு. அதோடு, நாலு பேர் சேர்ந்தால்தான் திறக்கும் கதவை எப்படி என் கதவு என்று சொல்வது?

டேப்பை வைத்து அளந்துவிட்டேன். ஒவ்வொரு படியும் 6 அங்குலம், மொத்த உயரம் 18 அங்குலம். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஆக 18 அடி. வாசலின் இடப்பக்கச் சுவரை ஒட்டி 24 அடி காலி இடம் கிடக்கிறது. சாய்தளம் போக மிச்சம் 6 அடி. மேலே நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரமாக ஒரு சமதளம் போதும். கைப்பிடி வேண்டும். மேற்பரப்பு வழுக்கக் கூடாது. கதவு 34 அங்குலம், என் நாற்காலி 25 அங்குலம். அதில் தகராறு இல்லை.

சிவில் துறை இறுதியாண்டு நண்பர்களே, புராஜெக்ட் தலைப்பு தேடி நூலகத்தில் தூசி தட்டுகிறீர்களே, இதோ ஒரு தலைப்பு! கைப்பிடி வெல்டிங்கை எங்கள் துறை பார்த்துக்கொள்ளும். மாணவர் சங்கத் தலைவர்களே, வருடா வருடம் பிரிவு உபசார விழாவுக்கு வசூலிப்பதில் ஒரு பங்கைச் சிமெண்டுக்கு ஒதுக்குங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தைக் காட்டிக் கட்டுவதைவிட நாமே கலவை போட்டுக் கட்டினால் அழகாக இருக்கும்.

இந்த ஏப்ரலோடு நான் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவேன். அந்தச் சாய்தளத்தில் ஏறப்போவது நானாக இருக்க மாட்டேன். ஜூன் மாதம் முதலாமாண்டில் யாரோ ஒரு தம்பியோ தங்கச்சியோ சக்கர நாற்காலியில் வந்து சேரலாம். குட்மன் 16 பேருக்கு வில் கொடுத்தார். நாம் ஒருவருக்கு 18 அடி கொடுப்போம், வாங்க!